தலைப்புக்குப் பின்னால் ஒரு வெறும் பக்கம்

பக்கம் அமைக்கிற வேலையில், எழுத்து இருக்கிற பக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எழுத்து இல்லாத பக்கத்தைப் பற்றித்தான் ஊரே கேள்வி கேட்கும். பிடிஎஃப் செய்து அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருகிற இடத்தில் எந்தக் கோலத்தில் திறக்குமோ என்று நகம் கடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஒன்றில், பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் ஒரு நிபந்தனை வைத்தார். தீயணைப்பு, கேண்டீன், குழந்தைகள் அறை, குறை தீர்ப்பு என்று சகலத்தையும் எழுதிய கையேடு ஒன்று வேண்டும். தமிழில் அச்சடித்து ஒவ்வொரு செக்‌ஷனிலும் தொங்க வேண்டும். பையர் அனுப்புகிற ஆடிட்டர் வந்து பார்ப்பார். தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் இரண்டாவது தையல் லைனை மூடிவிட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். லைனையே மூடுகிறவர்கள் டைப் அடிக்கிறவளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஆக, என் சோறும் அந்தக் கையேட்டில்தான் இருந்தது.

பையர் போட்ட விதிகள் எளிமையானவை. தலைப்புப் பக்கம் தனியாக நிற்க வேண்டும். ஒவ்வொரு அத்தியாயமும் வலது பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். ஓர் அத்தியாயம் மூன்று பக்கத்தில் முடிந்தால், அடுத்தது வலது பக்கம் வருவதற்காக சாஃப்ட்வேர் தானாகவே நடுவில் ஒரு வெறும் பக்கத்தைச் செருகிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

முருகன் துணை

எங்கள் முதலாளி சாமளாபுரத்துக்காரர், தறி ஓட்டிய குடும்பம். முருகனைக் கும்பிடாமல் கம்பெனி கேட்டைத் திறக்க மாட்டார். தலைப்புப் பக்கத்தின் அச்சைக் கையில் வாங்கியதும், "மேல ஒண்ணுமில்லாம மொட்டையா இருக்குதுங்களே" என்றார். 'முருகன் துணை' போட்டுக் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார், ஆக்கினேன். ஒரு வேலும் வைக்கச் சொன்னார், வைத்தேன். அப்புறம் கையிலிருந்த பழைய தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து முகம் சுருங்கிவிட்டது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் விளக்கியது எதுவும் காதில் ஏறவில்லை.

வேல் வந்து உட்கார்ந்ததில், தலைப்பின் கடைசி வரி இடமில்லாமல் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தது. நான் கவனிக்காமல் மறுபடி அச்சடித்து நீட்டிவிட்டேன். பின்பக்கத்தின் உச்சியில் 'பெருமாநல்லூர், திருப்பூர்' என்று ஒற்றை வரி, திருவிழாவில் தொலைந்த பிள்ளையாக நின்றது. செத்தோம் என்று நினைத்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"இப்பத்தானுங்க அம்மிணி, பக்கம் நெறஞ்சாப்பல இருக்குது!"

மாஸ்டர் போட்ட மார்க்கர்

அந்த ஒற்றை வரியை முதலாளிக்குத் தெரியாமல் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன். ஆனால் கட்டிங் மாஸ்டர் பழனிச்சாமியிடமிருந்து தப்ப முடியவில்லை. துணிமேல் விரிக்கிற நீளத் தாளில் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கி வரைவதற்கு மார்க்கர் போடுவது என்று பெயர். அதில் மாஸ்டர் புலி. ஒரு விரலகலத் துணி வீணாக விழுந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஏதோ சைஸ் சார்ட் வாங்க என் அறைக்கு வந்தவர், மேஜையில் பரப்பியிருந்த கையேட்டைப் பார்த்தார். வெறும் பக்கங்களை எண்ணினார். "அடக் கொடுமையே" என்றார். தான் சரிசெய்து தருவதாகவும், நான் போய் நிம்மதியாகச் சாப்பிட்டு வரலாம் என்றும் சொன்னார். புத்தி கெட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது கையில் கத்திரியோடு உட்கார்ந்திருந்தார். கழிவறை விதிகளை வெட்டி, கேண்டீன் அத்தியாயத்தின் பின்னால் இருந்த வெறும் பக்கத்தில் கச்சிதமாக ஒட்டியிருந்தார். தீயணைப்பு பாதியில் நின்று, மீதி குழந்தைகள் அறையில் எரிந்துகொண்டிருந்தது. நெருப்புப் பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது ஒரு பக்கத்தில், இரண்டாவதாகச் செய்ய வேண்டியது பதினோரு பக்கம் தள்ளி. புகைக்குள் நின்றுகொண்டு எவனாவது பக்கம் புரட்டுவானா என்று கத்தினேன். மாஸ்டர் அசரவில்லை. மிச்சமில்லாமல் நிறைந்த தாள்களை அடுக்கித் தட்டி, என் கையில் கொடுத்தார்.

"துணியா இருந்திருந்தா, நீங்க உட்ட எடத்துல கொழந்தைக்கு ரெண்டு பாபா சூட் வெட்டியிருப்பனுங்க."

கரண்ட் மேல் போட்ட பழி

இத்தனை பேர் வயிறெரிகிற பக்கத்தை நான் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று தோன்றியது. பிடிஎஃப் ஆக்குகிற ஜன்னலில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம் இருந்தது. தானாகச் சேர்ந்த வெறும் பக்கங்களையும் அனுப்பவா என்று கேட்டு, ஒரு டிக்கோடு இருந்தது. டிக்கை எடுத்தேன். பிடிஎஃப் இளைத்துவிட்டது. திரையில் பார்த்தால் எழுத்துக்குப் பின் எழுத்து, ஓட்டை உடைசல் எதுவும் இல்லை. சிடியில் போட்டு ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் தாளின் இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தார். தலைப்பின் முதுகிலேயே பொருளடக்கம். பாதி அத்தியாயங்கள் இடது பக்கத்தில். மெஷின் கோளாறு என்று சண்டை போட்டேன். மனிதர் இன்னொரு முறை அடித்தார். அதே கதை. மூன்றாவது முறை அவர் தாளை அடுக்கும்போதுதான், நான் எடுத்த டிக் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வெறும் பக்கத்தை உருவினால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனையும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியாத சங்கதியா? தப்பு நம்முடையது என்று தெரிந்த அந்த நொடியில் நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ, அதைத்தான் நானும் செய்தேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃபைலுக்கு ஏதோ ஆகியிருக்கும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கரண்ட்டு போனா பக்கமெல்லாம் நிக்குமுங்க, எந்திரிச்சு எடம் மாறி உக்காருமுங்களா?"

சிவப்பு அம்பு

டிக்கைத் திரும்பப் போட்டேன். வெறும் பக்கங்கள் எல்லாம் வீட்டுக்குத் திரும்பின. ஆனால் செக்கிங் ஆகாமல் இந்தக் கம்பெனியிலிருந்து ஒரு கர்ச்சீப்கூட வெளியே போகாது என்பது முதலாளியின் சட்டம். அதனால் கையேட்டையும் செக்கிங்குக்கு அனுப்பச் சொன்னார். அது இரண்டாவது லைனில் பேச்சியம்மாளின் மேஜைக்குப் போனது. பேச்சி எங்கள் பக்கத்துக்காரி. நான் சாத்தான்குளம், அவள் சங்கரன்கோவில். இங்கே ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீடு. அவளுடைய இரண்டு வயசுப் பையன் கம்பெனியின் குழந்தைகள் அறையில்தான் வளர்ந்துகொண்டிருந்தான். லைனை மூடினால் முதலில் பெட்டி கட்ட வேண்டியவர்கள் அவளும் அவனும்தான்.

துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, 'ஆல்ட்டர்' என்று திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது செக்கிங் வழக்கம். மதியம் கையேடு திரும்பி வந்தது. வெறும் பக்கம் ஒன்று விடாமல் நடுவில் ஒரு சிவப்பு அம்பு. தீயணைப்பை நான் இரண்டு இடத்தில் தப்பாக அடித்திருந்தேன், அதற்கு அம்பு இல்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. விறுவிறுவென்று போய், "ஏட்டி, இது மிஸ் பிரின்ட் இல்ல, வேணும்னுதான் விட்டுருக்கு" என்றேன். "யாருக்கு விட்டுருக்கு?" என்று கேட்டாள். "உனக்குத்தான்! எதாவது எழுதணும்னா எழுதிக்கோ, போ!" என்று கத்திவிட்டேன். அவள் துளிகூடக் கோபப்படவில்லை. அம்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள்.

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதாட்டி? நான் ஆல்ட்டர்னுல்லா நெனச்சேன்."

கலர் ஓடுகிறதா

அச்சாகி வந்த கையேடுகளை முதலாளி சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு தலைப்புப் பக்கத்துக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். செக்‌ஷனுக்கு ஒன்றாகச் சணலில் கட்டித் தொங்கவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஆடிட்டர் அம்மா வந்தார். சென்னைக்காரர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார்.

மேஜைமேல் இருந்த பிரதியைத் திறந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்த மஞ்சள்தான். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சாயம் ஓடுமா என்ற சந்தேகம் வரும். விரலை நனைத்துத் தேய்த்தார். விரல் மஞ்சளானது. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "சாமிக்கு வெச்ச மஞ்சளுங்க மேடம்" என்று தடுமாறினார். அவர் விரலைத் துடைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். வெறும் பக்கம். ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் அந்தப் பக்கத்தை ஏனென்று கேட்காமல் கடந்தார். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"தலைப்பு தனியா இருக்கு, பின்னால வெறும் பக்கம், சரிதான். மஞ்சள் மட்டும் பீஸ்ல படாம பாத்துக்கங்க."

பேச்சியின் பக்கம்

மேஜைமேல் இருப்பது எப்போதும் அழகாகத்தான் இருக்கும், லைனில் தொங்குவதைக் காட்டுங்கள் என்றார் ஆடிட்டர். நேராக இரண்டாவது லைனுக்குப் போய், பேச்சியின் மேஜைக்குப் பக்கத்தில் தொங்கியதை எடுத்தார். மூலையெல்லாம் மடங்கி, டீக்கறையோடு இருந்தது. புரட்டிக்கொண்டே வந்தவர், குறை தீர்ப்பு அத்தியாயம் முடிந்ததும் நின்றுவிட்டார். நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அங்கே இருந்திருக்க வேண்டிய வெறும் பக்கத்தைக் காணோம். பக்கம் முழுக்க பேனா எழுத்து.

உச்சியில் பேச்சியின் சாய்ந்த கையெழுத்து: பிள்ளைகள் ரூமில் ஃபேன் ஓடவில்லை, என் மகனுக்கு வேர்க்குரு. அதன் கீழே கம்பெனி எலக்ட்ரீசியன்: பார்த்தேன், கண்டென்சர் போய்விட்டது, மாற்றியாச்சு. அதன் கீழே மறுபடி பேச்சி: இப்போது ஓடுகிறது, ஆனால் லாரிச் சத்தம். அப்புறம் வேறு யாரோ: தண்ணீர் கேன் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. சூப்பர்வைசர்: நாளை முதல் இரண்டு கேன். கடைசியில் வடக்கிலிருந்து வேலைக்கு வந்த யாரோ எழுதிய, எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாத ஒரு ஹிந்தி வரி, அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. ஆடிட்டர் அதைப் படித்தார். "நானும் இதில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறார்" என்றார்.

ஊரே வேண்டாம் என்ற பக்கத்தை நான் மல்லுக்கட்டிக் காப்பாற்றியது, கம்பெனியின் குறைகளை வரிசையாக எழுதி ஆடிட்டரிடம் நீட்டுவதற்கா? முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை, பேச்சியின் பையனைத்தான் நினைத்துக்கொண்டேன். "இதில யார் எழுதச் சொன்னது?" என்று ஆடிட்டர் கேட்டார். தையல் மெஷின்கள் நின்றுவிட்டன. பேச்சி பளிச்சென்று என் பக்கம் கையை நீட்டி, "இவதான் மேடம், எழுதிக்கோன்னா" என்றாள். ஆடிட்டர் தன் ஃபைலில் என்னவோ நிறைய எழுதினார். மூடிவிட்டு முதலாளியிடம் சொன்னார்.

"எல்லாக் கம்பெனியிலயும் குறை தீர்ப்பு அத்தியாயம் மடிப்புக் கலையாம புதுசா இருக்கும். ஆள் தொட்ட மேனுவலை இப்பத்தான் பாக்கறேன்."

ஒன்று கேட்டால்

தேறிவிட்டோம். திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: குழந்தைகள் அறை ஃபேனின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். செய்தி வந்ததும் இரண்டாவது லைனுக்கு ஓடிப்போய்ப் பேச்சியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த பனியனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "ஃபேனு நாளைக்கே மாத்துவாவளா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெறும் பக்கம் வராமல் போன அத்தியாயங்களில் எல்லாம் துண்டுத் தாள் செருகி அடையாளம் வைத்திருந்தார். இரட்டைப்படை எண் பக்கத்தில் முடிந்ததால் தப்பித்த அத்தியாயங்கள் அவை.

"அம்மிணி, அடுத்த தடவ எல்லா அத்தியாயத்துக்கும் பின்னாடி ஒரு வெறும் பக்கம் உட்ருங்க, மேல முருகன் துணை மட்டும் போட்ருங்க."

அந்த அத்தியாயங்களில் நான் ஒன்றை வைத்தால், அடுத்ததை வலது பக்கம் கொண்டுவர சாஃப்ட்வேர் தன் பங்குக்கு இன்னொன்றைச் செருகும். வேண்டாம் என்று விரட்டியபோதெல்லாம் தானாக வந்து குந்திய அந்த வெறும் பக்கம், வேண்டும் என்று கேட்ட அன்றிலிருந்து, ஒன்று கேட்டால் இரண்டாகத்தான் வருகிறது.