முள் நசுக்காத கொக்கிகள்

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீன் விஷயத்தில் அந்தத் தலைக்கனம் இன்னும் கொஞ்சம் கூடுதல். எங்கள் பூர்வீகம் கொள்ளேகால் பக்கம். கட்டட வேலைக்காக மைசூருக்குக் குடிவந்த பிறகும், ஊருக்குப் போனால் அப்பா வாய்க்காலில் தூண்டில் போடாமல் திரும்பமாட்டார். கொக்கியின் கூருக்குச் சற்றுக் கீழே பின்பக்கம் பார்த்து நிற்கும் சின்ன முள்தான் மாட்டிய மீனை நழுவவிடாமல் பிடித்துவைக்கிறது என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே கண்டுபிடித்திருந்தேன்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கொக்கியில் கோழி இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரியே செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். தண்ணீரில் வீசினால் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பிக் கவ்வும். கறி வேண்டாம், இறகு மட்டும் போதும் என்று வந்து நிற்கும் இவரைப் பார்த்தாலே மைசூர் தேவராஜ மொஹல்லா வட்டாரத்துக் கோழிக்கடைக்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

மைசூருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குள் பெரிய குளம் வைத்திருந்த ஒருவர், விடுமுறைக்கு வருகிறவர்களை அங்கே மீன் பிடிக்கவைத்துத் தொழில் நடத்தினார். மாதிரிக்குப் பன்னிரண்டு பூச்சிகள் கேட்டிருந்தார். பிடித்துப்போனால் மாமாவுக்கு அங்கேயே நிரந்தர வேலை. அந்த வேலை கிடைத்தால்தான் கல்யாணத் தேதி குறிப்பது என்று, எனக்கு அத்தையாக வரவேண்டியவரின் அப்பா சொல்லிவிட்டார். அதனால் எங்கள் வீடே அந்தப் பன்னிரண்டு பூச்சிகளுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கொக்கி பொறுக்குவதிலேயே மாமா ஒரு சனிக்கிழமைக் காலை முழுவதையும் கழித்தார். பார்சலில் வந்த டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, கூரைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுப்பார். நகத்தில் பதிந்து நின்றால் நல்லது, வழுக்கினால் குப்பைக்கு. பிறகு நோஸ் பிளையரில் பிடித்து விரலால் நெம்புவார். வளைந்தது வளைந்தபடியே நின்றால் கம்பி மட்டம், அதுவும் குப்பைக்கு. நூல் கட்டும் வளையத்தில் மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் போச்சு. பெண் பார்க்கப் போனபோதுகூட இவன் இவ்வளவு பார்க்கவில்லை என்று அம்மா கேலி செய்தார். இத்தனையிலும் தேறிய பன்னிரண்டை ஒரு மூடியில் சேர்த்துவைத்து, கடைசியில் அவர் செய்த காரியம் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. பிளையரால் ஒவ்வொன்றின் முள்ளையும் நசுக்கித் தட்டையாக்கினார்.

பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதைத் தன் கையாலேயே கெடுப்பானேன்? மாமாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். கேட்டிருக்கலாம். ஆனால் எல்லாம் தெரிந்தவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், டப்பாவில் மிச்சமிருந்தவற்றை அவரைப் போலவே நகத்தில் இழுத்துப் பார்த்து, முள்ளோடு இருந்த பன்னிரண்டை எடுத்து மூடியில் போட்டேன். நசுங்கியவற்றைக் குப்பையில் சேர்த்தேன். மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அவர் கவனிக்கவில்லை. மேஜை விளிம்பில் திருகி வைத்த குட்டி வைஸ் இடுக்கியில் கொக்கியின் வளைவைக் கடிக்கவிட்டுத்தான் இறகு சுற்றுவார். முள் அதற்குள் மறைந்துவிடும், வெளியே எடுக்கும்போது இறகு மூடியிருக்கும். ஒருமுறை பார்த்துவைத்ததை மறுபடி சோதிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

மறுநாள் என்னையும் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளத்தின் சொந்தக்காரர் பூச்சிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, கன்னடத்தில் வாயாரப் புகழ்ந்தார். ஒன்றைத் தூண்டில் நூலில் கட்டிக்கொண்டே, முள்ளையெல்லாம் நசுக்கியாயிற்றா என்று கேட்டார். தன் குளத்தில் பிடிக்கிற மீனைக் காயம் படாமல் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம், தவறி ஆளைக் குத்தினாலும் சுலபமாக எடுத்துவிடலாம் என்றார். மாமா தலையை ஆட்டினார்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதா? அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். அதற்குள் அவர் வீசிவிட்டார். எதிர்க்காற்றில் திரும்பி வந்த பூச்சி அவருடைய காதுமடலிலேயே ஏறிற்று.

மாமா பதறவில்லை. "ஹெதர்பேடி சார், முள்ளில்ல" என்றார், பயப்பட வேண்டாம், முள் கிடையாது என்று. சிரித்துக்கொண்டே பூச்சியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

அப்படி ஓர் அலறலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கொக்கி வரவில்லை, காதுதான் இழுபட்டு வந்தது. சட்டைக் காலர் சிவந்தது. மாமா கையை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து இன்னொரு பூச்சியை எடுத்து இறகை விலக்கிப் பார்த்தார். பிறகு இன்னொன்றை. நிமிர்ந்தவர் நேராக என்னைப் பார்த்தார். நான் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

கைக்குட்டையைக் காதில் அழுத்தியபடி அந்த மனிதர், வேறு யாராவது கொக்கியை மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். அந்த வலியிலும் காரணம் கேட்க அவருக்குத் தோன்றியது. மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல சார். நான்தான் மறந்துட்டேன்" என்றார் மாமா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கொக்கியை மறுபக்கம் தள்ளி, முள்ளை நறுக்கி வெளியே எடுத்தார். கட்டுப்போட்ட காதோடு வந்தவர், இதையே மறக்கிற ஆளை நம்பி விருந்தாளிகளை விட முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் மாமா எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார். பிறகு மெதுவாக, "முள்ளு இருந்தா மீனு நழுவாதுன்னு நெனச்சயா, கண்ணு?" என்று கேட்டார்.

"நான் தொடவே இல்லீங்க மாமா" என்றேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி கண்ணு" என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. இவ்வளவு சுலபமாக நம்பிவிடுகிறாரே, இந்த மாமாவை யார் வேண்டுமானாலும் ஏமாற்றிவிடுவார்களே என்று நினைத்தபோது, அவரைப் பார்க்க ரொம்பப் பாவமாக இருந்தது.