அவசரப் பையில் சிங்காநல்லூர் சாவி

ஜூலை பதினெட்டாம் தேதி, காலை ஐந்தேகால் மணி, மூன்றாம் நாளாக விடாத மழை. குளியலறையில் தண்ணீர் வெளியேற வேண்டிய ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. வாளி மெல்ல மிதந்து வந்து கதவில் இடித்தது. கோவையிலிருந்து பூனாவுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. பழைய சாங்வியில் தரைத்தள வீடு. மேலே அணையைத் திறந்தால் முளா நதி வாசல் வழியாகத்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

மகன் வேலையாகப் பெங்களூரு போயிருந்தான். வீட்டில் நானும் என் மனைவி சரஸ்வதியும்தான். ஆனாலும் நான் பதறவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் என் அவசரப் பை தயாராகத் தொங்கியது. உள்ளே பதினான்கு பொருள்கள். மாதம் பிறந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணிவிட்டுத் திரும்ப வைப்பேன். "ஏனுங்க, அதுக குட்டி போட்டிருக்குதான்னு பாக்கறீங்களா?" என்பாள் சரஸ்வதி.

வீட்டைப் பூட்டும்போது தண்ணீர் முழங்காலைத் தொட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறித் தட்டினோம்; அங்கே தனியாக இருக்கும் சுனந்தா தாயி கதவைத் திறந்தாள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. ஒன்பது வருடத்தில் தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொண்டதற்கு மேல் எங்களுக்குள் பழக்கமில்லை. படியேறி வந்ததில் சரஸ்வதிக்கு இழுப்பு கண்டுவிட்டது. ஆஸ்துமாக்காரி. "பையில பம்பு இருக்குதுங்களா?" என்று இன்ஹேலரைக் கேட்டாள்.

"ஔஷத் குட்டே, காகா?" என்று தாயியும் மருந்தைத்தான் கேட்டாள்.

அவளுடைய சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சிங்காநல்லூர் வீட்டுச் சாவி, வீட்டு வரி ரசீது, கோவை வங்கியின் பாஸ்புக், கோவை டாக்டரின் ஃபைல், ரயிலில் காற்றடைத்துக்கொள்ளும் தலையணை, லுங்கி, முறுக்குப் பொட்டலம். இப்படிப் பதினான்கும் சரியாக இருந்தன. பம்பு இல்லை. ஒரு டார்ச் கூட இல்லை.

"காவாலா சால்லாத் கா?" என்றாள் தாயி. ஊருக்குக் கிளம்பிவிட்டீர்களா என்று அர்த்தம். கேலியே இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

கோவையில் இருந்தவரை இப்படி ஒரு பை நான் வைத்ததே இல்லை. ஆபத்தென்றால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவோம். இங்கே வந்த பிறகு, ஆபத்தென்றால் கோவைக்கு ரயிலேறிவிட வேண்டும் என்றே ஒன்பது வருடமாக நினைத்திருக்கிறேன். என்னைப்போல் வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் பையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

நான் கீழே போக எழுந்தேன். "நீங்க விழுந்தா ரெண்டு பேஷண்ட் ஆயிடும், உட்காருங்க" என்று ஹிந்தியில் அதட்டிவிட்டு, பம்பு இருக்கும் இடத்தைக் கேட்டு, எங்கள் சாவியை வாங்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, செல்போன் வெளிச்சத்தில் தாயியே இறங்கிப் போனாள். நான் சரஸ்வதியின் மூச்சை எண்ணினேன். அவள் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. நாற்பத்தொன்றோடு எண்ண முடியாமல் நிறுத்திவிட்டேன்.

தாயி இடுப்புவரை நனைந்து திரும்பினாள். பம்பு மட்டும் நனையவில்லை; தலைக்கொண்டையில் செருகியிருந்தாள். பேச்சு வந்ததும் சரஸ்வதி முதலில் சொன்னது: "கோயமுத்தூர் சாவிய மறக்காம வெச்சிருக்கீங்க. என்ற மூச்ச மறந்துட்டீங்க."

மறுநாள் தண்ணீர் வடிந்தது. பையில் இப்போது இரண்டு பம்பு, டார்ச், பிஸ்கட் இருக்கின்றன. தாயி தன் வீட்டுச் சாவியையும் கொடுத்தாள். "அடுத்த தடவை தண்ணி வந்தா நான் நாசிக்குல மக வீட்டுல இருந்தாலும் இருப்பேன். திறந்து உட்காருங்க." நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தேன். சிங்காநல்லூர் சாவியை வெளியே எடுத்து வைக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை. இரண்டும் ஒரே வளையத்தில் கிடக்கின்றன. பையைத் தூக்கினால் ஒன்றோடொன்று இடிக்கின்றன. வீட்டில் நனைந்துபோன சாமான்களின் செலவை மகன் பார்த்துக்கொண்டான். என் கையிலிருந்து போனது, சாவி நகலுக்கு எண்பது ரூபாய்.