எங்கள் ஊருக்கு எதிராக ஒரு மேட்ச்

கடல் வாடையே அடிக்காத ஒரகடத்தில், பெயரில் மட்டும் கடலை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு ஃபுட்பால் கிளப் நடத்துகிறோம். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள், சேரப்பணஞ்சேரியில் ஒரே வாடகை வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்த நாட்களில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாரையும் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். கம்பெனியில் ஷிஃப்ட் என்று ஒன்று இருப்பது யாருக்கும் நினைவு வரவில்லை. முதல் மேட்சுக்கு ஏழு பேர்தான் தேறினோம். மிச்ச இடத்துக்கு வீட்டுக்காரரின் மகனும் அவன் கூட்டாளிகளும் இறங்கினார்கள். இப்போது அணியில் பாதிப் பேர் உள்ளூர்.

பாதித் தொழில்முறை கிளப் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கேன்டீன் கான்ட்ராக்டர் ஒருவர் செலவைப் பார்த்துக்கொள்கிறார். ஜெயித்தால் கையில் காசு, தோற்றால் புரோட்டா. முதல் வருடம் முழுக்கப் புரோட்டாதான் தின்றோம்.

காரணம், நாங்கள் மணலில் ஆடி வளர்ந்தவர்கள். மணலில் பந்து உருளாது என்பதால் எல்லாவற்றையும் தூக்கியே அடிப்போம். இங்கே தரை கட்டாந்தரை. தூக்கி அடித்த பந்து எகிறி எகிறி மெயின் ரோட்டுக்குப் போய்விடும்.

“இன்னாபா, பந்த கன்டெய்னர்ல லோடு ஏத்திக்கினு கீறீங்களா?” என்று வீட்டுக்காரர் சிரிப்பார். ஃபுட்பாலே எங்கள் குலச்சொத்து என்று நினைத்திருந்தவர்களுக்கு இது தேவைதான்.

ஒருவழியாக உருட்டக் கற்றுக்கொண்டு நாலு மேட்ச் ஜெயித்ததும் தலைகால் புரியவில்லை. கிளப்பின் ஆண்டு விழாவுக்கு எங்கள் ஊர் அணியையே ஆட அழைத்தோம். வேனில் வந்தார்கள். கூடவே என் அப்பாவும் இறங்கினார். வேனில் இடம் இருந்ததாம், அதனால் வந்தாராம்.

நான் கோல் கீப்பர். ஊரில் நான் ஆடிய ஒரு மேட்சுக்கும் அப்பா வந்ததில்லை. அந்த எழவைப் பார்க்கத் தனக்கு நேரமில்லை என்பார். கடலுக்குப் போகாத நாளிலும் அதையேதான் சொன்னார். எனக்கு அது ஆறவே இல்லை. அன்றைக்கு நான் ஜெயிக்க வேண்டும், அதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு நேராக ஊர் அணியின் பக்கம் போய் உட்கார்ந்தார். ஊர் அணி பந்தைத் தூக்கி அடித்தது. பந்து ரோட்டுக்குப் போனது. எங்கள் உள்ளூர்ப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், ஆளுக்கு ஒரு கோல். அப்போது பார்த்து அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. போட்டால் எங்கள் கதை முடிந்தது. ஊர்ப் பையன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து கத்தினார்.

“ஏலே, அவனுக்கு வலப்பக்கமா அடில! அந்தப் பக்கம் அவனுக்கு விழ வராதுல!”

உண்மைதான். வலப்பக்கம் பாய எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. எப்போதும் அந்தப் பக்கம் ஓரடி தள்ளி நின்று மறைத்துவந்தேன். இங்கே எங்களோடு மோதிய ஒரு ஃபார்வர்டும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்தில் நின்று பல மேட்ச் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

அவர் கத்தியது எனக்கும் கேட்டதால், பந்து எங்கே வரும் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் அசையவில்லை. இவர் எப்போது வந்து பார்த்தார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பந்து வலப்பக்கமாக உள்ளே போனது.

“பெத்த நைனாவே உனுக்கு ஆப்பு வச்சிட்டாரேபா!” என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கோபப்பட முயன்றேன். முடியவில்லை. கோல் வாங்கிவிட்டு இத்தனை சந்தோஷப்பட்ட கீப்பர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புரோட்டா வந்ததும் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எப்ப வந்து பாத்திய?”

“நான் எங்கலே பாத்தேன்? எவனோ சொன்னான்” என்றார், இலையைவிட்டுத் தலையைத் தூக்காமல். சால்னாவை ஊற்றிப் பிசைந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

“எடப்பக்கம் விழுறதுல உன்னிய அடிச்சுக்க நம்ம கரையில எவனும் கெடையாதுல.”