முதலாளிக்குப் பக்கத்துக் கட்டில்

வசவாசி காயாதபோது நல்ல சிவப்பு. சாதிக்காயின் மேல் வலைபோல் படர்ந்திருக்கும் அந்தத் தோலை உரித்துப் பாயில் பரப்பியிருந்த ஒரு காலையில், முதலாளி கடையின் பின்புறம் பாயருகே குனிந்து நின்றார். அவர் நிமிர்ந்தபோது பாயில் வசவாசி கொஞ்சம் கூடிவிட்டதாக எனக்குத் தோன்றியது. அவருடைய வாயோரத்தைப் பார்த்த பிறகுதான் அது இரத்தம் என்று தெரிந்தது. "தம்பி, பாய எடுத்துப் போடுங்க. சரக்கு வீணாப் போகும்" என்று சொல்லிவிட்டு அப்படியே மூட்டையில் சாய்ந்தார்.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்ற முஸ்லிம் வியாபாரி அவர். போர் முடிவதற்குச் சற்று முந்திய காலம் அது. அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே நான் அவருடைய கடையில் சரக்கு நிறுத்துக்கொண்டிருந்தேன். ஐவேளைத் தொழுகை தவறாதவர். பீடிப் புகை பட்டாலே விலகி உட்காருவார். ஆனால் இரத்தம் கக்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: குடி. ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே பஜாரில் பேச்சு எழுந்தது. "வெளிய தொப்பி, உள்ள போத்தல்" என்று ஒருவன் சொல்லிச் சிரித்ததை என் காதாலேயே கேட்டேன்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. என் அப்பா தேயிலைத் தோட்டத்து லய வீட்டில், பித்தளைச் சட்டியில் இரத்தம் கக்கி இறந்தவர். அவர் கசிப்புச் சாராயம் குடித்தது உண்மை. அவர் தேயிலையைக் கவ்வாத்து வெட்டினால் செடி ஒரே மட்டமாக நிற்கும் என்று கங்காணியே சொன்னதும், மாதா கோயில் திருநாளில் குரலெடுத்துப் பாடியதும் உண்மைதான். ஆனால் "குடிச்சே செத்தான்" என்ற ஒரே சொல்லில் ஊர் அவரை முடித்துவிட்டது. டவுனுக்கு வேலைக்கு வந்தபின் அவரைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

முதலாளியை மாத்தளையிலிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே கமரா குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு நாளம் புடைத்து வெடித்திருக்கிறது என்றார்கள். பசை மருந்து ஊசி போட்டார்கள். சில நாளில் மறுபடியும் கக்கினார். இதயம் பலவீனமாக இருந்ததால் வயிற்றைத் திறக்க முடியாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டொக்டர் கொழும்பில் புது விதமாகச் செய்கிறார் என்று அங்கே அனுப்பினார்கள். துணைக்கு நானும் ஏறிய அதே அம்பியுலன்ஸில் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவரும் வந்தார். அவருக்கும் இரைப்பையில் அதே கசிவு. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். வண்டி நிற்கும்போதெல்லாம் மூவருடைய அடையாள அட்டையையும் நீட்ட வேண்டியிருந்தது. அந்த மனிதர் எழுந்திருக்க முடியாமல் கிடந்ததால் அவருடைய அட்டையையும் முதலாளியே வாங்கி நீட்டினார்.

கொழும்பு வார்டில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் மிஸ், தொழிலாளியின் மஞ்சளேறிய கண்ணைப் பார்த்துவிட்டு, "குடிச்சிக் குடிச்சி ஈரலக் கரைச்சிட்டு இங்க வந்து படுக்கிறது" என்று கொச்சைத் தமிழில் கடிந்தார். தொழிலாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"மிஸ், எனக்கும் அதே வியாதிதான். ஏசுறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேத்து ஏசுங்க."

மிஸ் அவருடைய தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

டொக்டர் சிங்களவர், இளவயதுக்காரர். சிகிச்சைக்கு முன் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினார். இந்தக் குழாயின் நுனியில் கமராவோடு சிறிய ஸ்கேனும் இருக்கிறது; இரைப்பைச் சுவருக்கு அப்பால் ஓடும் நாளமும் அதில் தெரியும்; எங்கே குத்துகிறோம் என்று பார்த்தே ஊசியைச் செலுத்தலாம்; உள்ளே மெல்லிய கம்பிச் சுருளை வைத்துப் பசையால் அடைத்தால், இரத்த ஓட்டம் நின்றதா என்று அங்கேயே தெரிந்துவிடும் என்றார். தனக்கும் இது புதிது என்பதை அவர் மறைக்கவில்லை. தொழிலாளி வேண்டவே வேண்டாம் என்றார். "மொதல்ல எனக்குச் செய்யட்டும். நான் திரும்பி வந்தா நீங்க போங்க" என்றார் முதலாளி.

அவர் உள்ளே போனபின் வெளியே வாங்குப் பலகையில் நானும் அவருடைய மச்சானும் காத்திருந்தோம். மச்சான் ஓதிக்கொண்டேயிருந்தார், எனக்குத் தெரிந்த செபங்களை நானும் மனசுக்குள் சொன்னேன். டொக்டர் வெளியே வந்தபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரத்தம் நின்றுவிட்டது என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: ஈரல் சுத்தம். முன்பு பித்தக்கல்லால் கணையம் வீங்கியபோது மண்ணீரல் நாளம் அடைத்துக்கொண்டிருக்கிறது. போக வழியில்லாத இரத்தம் இரைப்பை நாளத்தில் ஏறிப் புடைத்திருக்கிறது. குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமேயில்லை.

மச்சான் துள்ளி எழுந்தார். முதலாளி கண் விழித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய, பள்ளியிலயே எழும்பிச் சொல்றேன் மச்சான். பேசினவன் வாயெல்லாம் மூடட்டும்" என்றார்.

முதலாளி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். தொழிலாளியை அப்போதுதான் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்" என்றார். தொண்டை புண்ணாகிக் குரல் கம்மியிருந்தது. "நான் குடிக்கல்லன்னு நீங்க பள்ளியில சொன்னா, குடிச்சவன் ரத்தம் கக்கினது நியாயம்னு ஆகிடும். அவருக்கும் எனக்கும் ஒரே ஊசிதான் குத்துறாங்க."

தள்ளுவண்டியில் இருந்தவருக்கும் எல்லாம் நல்லபடி முடிந்தது. மச்சான் கடைசிவரை பள்ளியில் எதுவும் சொல்லவில்லை. பஜார் பேச்சு சில மாதம் ஓடி, தானாகத் தேய்ந்தது. முதலாளி ஒருவரிடமும் விளக்கம் சொல்லவில்லை. அவருடைய இடத்தில் இருந்திருந்தால் அந்தச் சுத்தமான ஈரலை நான் ஊரெல்லாம் தூக்கிக்காட்டியிருப்பேன்.

இன்று இந்தச் சிகிச்சை எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு அதிசயமில்லை. சென்ற வருடம்கூட ஒருவர் செய்துகொண்டு, வாரம் கழியுமுன் பஸ்ஸேறி வீடு வந்தார். அன்று அவர்கள் இருவரும் உயிரோடு திரும்பியதே பெரும் செய்தி.

போர் முடிந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளி ஒரு பை ஈரப்பலாக்காயோடு கடைக்கு வந்தார். குடியை விட்டிருந்தார், உடம்பு சற்றுத் தேறியிருந்தது. முதலாளி அவரை முன்பக்கம், பெரிய வியாபாரிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்துத் தேத்தண்ணி வரவழைத்தார். மிளகு வாங்க வந்திருந்த ஒருவர், "யாரு முதலாளி இவரு?" என்று கேட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றார் முதலாளி.

தராசருகே நின்ற என் வாயிலிருந்து, நான் யோசிக்கும் முன்பே வந்துவிட்டது: "எங்கப்பாவும் இதுலதான் போனாரு. குடிதான் காரணம்."

மிளகு வாங்க வந்தவர் பார்வையைச் சாக்குப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதலாளி என் பக்கம் திரும்பினார். இரக்கப்பட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பாட பேர் என்ன, தம்பி?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் டவுனில் யாரும் கேட்காத கேள்வி. நான் சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒருமுறை தம் வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.