இடது பக்கத்துப் பனந்தூர்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். கஞ்சிக்கோட்டில் வண்டி நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியே உடைந்த சிமெண்டின் வாசனை வந்தது, கூடவே என் வலது முழங்காலும் வலித்தது. என் மூக்குக்கும் முழங்காலுக்கும் எப்போதும் நேர்வழி உண்டு. எட்டிப் பார்த்தால், ஒரு பழைய தொழிற்சாலை வளாகத்துக்குள் மஞ்சள் இயந்திரம் ஒன்று கூடைப்பந்துக் களத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. அந்தக் களத்தில் நான் சம்பளத்துக்கு விளையாடியிருக்கிறேன். அதைப் போட்ட கூலியாட்களில் நானும் ஒருவன். அதே களத்தில் ஒருவனைப் பழி வாங்கியும் இருக்கிறேன். இந்த மூன்றும் ஒரே இடத்தில் வாய்ப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அடுத்த நிறுத்தம் வரை பொறுக்காமல் இறங்கிவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் போடிமெட்டை ஒட்டிய கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்து வேலை தேடி வந்தவன் நான். குழாய் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் முதலில் கிடைத்தது கான்கிரீட் வேலை. களம் போட வேண்டிய இடத்தில் இடது பக்கமாக ஒரு பனை நின்றது. மரத்தை வெட்டிவிட்டோம், தூர் மட்டும் வரவில்லை. பனந்தூரைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடப்பாரைதான் வளையும். "கெடக்கட்டும்ணே, மண்ணப் போட்டு மூடிருவோம்" என்று மேஸ்திரியிடம் யோசனை சொன்ன சோம்பேறி சாட்சாத் நான்தான். மூடினோம், மேலே சிமெண்ட் பூசினோம்.

களம் காய்ந்ததும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஓரமாக உருண்டு வந்த பந்தை எடுத்து, சட்டியும் மண்வெட்டியுமாக நின்ற நான் அங்கிருந்தே கூடைக்குள் போட்டேன். வீரமெல்லாம் இல்லை, பழக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் பாதிரியார் ஒரு பீப்பாய் வளையத்தைச் சில்வர் ஓக் மரத்தில் அறைந்து வைத்திருந்தார். மரம் நின்றது சரிவில். குறி தப்பினால் பந்து உருண்டு உருண்டு போடிப் பக்கம், அதாவது அடுத்த மாநிலத்துக்கே போய்விடும். போய் எடுத்து வருவது போட்டவன் பொறுப்பு. இரண்டு தடவை இறங்கி ஏறினால் எவனுக்கும் குறி தப்பாது.

அணித்தலைவர் ஆறுச்சாமி அண்ணன் சித்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'ங்க' போடாமல் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங்க தம்பி, இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். மறுவாரம் எனக்கு ஏழாம் எண் பனியன் கிடைத்தது. காலையில் மிஷின், மாலையில் பந்து, கேண்டீனில் இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால். அந்த முட்டைக்காகவே கொஞ்ச நாள் கூடுதல் பயபக்தியோடு ஓடினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் பர்மனெண்ட் இல்லை. பர்சனல் ஆபீசரிடம் ஒவ்வொரு கோப்பையோடும் போய் நிற்பேன். "அடுத்த டூர்ணமெண்ட் கழியட்டும், நோக்காம்" என்பார், பார்க்கலாம் என்பதை மலையாளத்தில். நோக்கினார், மூன்று வருஷம் நோக்கினார்.

இதற்குள் மண்ணுக்கடியில் பனந்தூர் உளுத்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குச் சிமெண்டின் அடி பொள்ளல். பந்தைத் தட்டினால் 'டொப்' என்று செத்த சத்தம் வரும், பந்து முழங்காலுக்கு மேல் எழும்பாது. வெளியூர் அணிக்காரர்களை மெல்ல இடது பக்கம் ஒதுக்குவோம். அவன் தட்டுவான், பந்து எழாது, நாங்கள் அள்ளிக்கொண்டு ஓடுவோம். சொந்தக் களத்தில் நாங்கள் தோற்றதில்லை. "நம்மகிட்ட ஆறு பேருங்க" என்று ஆறுச்சாமி அண்ணன் கண்ணடிப்பார். ஆறாவது ஆள் பனந்தூர். எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, ஆபீசருக்கும்தான்.

ஒரு ஆட்டத்தில் முழங்கால் திருகிக்கொண்டது. கட்டுப் போட்டு மலைக்குப் போய் இரண்டு மாதம் படுத்திருந்து திரும்பினால், கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"உங்க பேரு அடிச்சாச்சுங்க. ஆபீசரோட அக்கா மகனைப் போட்டிருக்காங்க. பர்மனெண்டுங்க."

எனக்காக ஆறுச்சாமி அண்ணன் ஆபீசரிடம் போய்ச் சண்டை போட்டு, தாமும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அக்கா மகன் என் ஏழாம் எண் பனியனில் பந்து தட்டிக்கொண்டிருந்தான், கேண்டீனில் என் முட்டையைத் தின்றிருப்பான்.  அந்த ஆபீசரை அவர் களத்திலேயே, அவர் முதலாளிகள் கண் முன்னாலேயே தலைகுனிய வைக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் செய்தேன்.

கோயம்புத்தூர் மில் ஒன்று என்னைச் சேர்த்துக்கொண்டது. மறு வருஷமே அந்த அணியோடு இறுதி ஆட்டத்துக்குக் கஞ்சிக்கோட்டுக்கு வந்தேன். கோப்பை மேசைக்குப் பின்னால் ஆபீசர், பக்கத்தில் முதலாளிகள்.

பந்தைக் கையில் எடுத்தபின் தட்டாமல் இரண்டு எட்டு வைக்கலாம் என்பது ஆட்ட விதி. பனந்தூரின் அகலமும் சரியாக இரண்டு எட்டு. மூடியவனுக்குத் தெரியாதா? அங்கே வருகிறவனைப் பனந்தூரே பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் இடது பக்கத்தில் காவலுக்கு ஆளே நிறுத்தியிருக்கவில்லை. விளிம்பில் கடைசித் தட்டு, பந்தைக் கையில் எடுத்தேன், ஒன்று, இரண்டு, கூடைக்குள். மறுபடியும் அதே வழி. மறுபடியும். அக்கா மகன் வாயைப் பிளந்து நின்றான். ஆகா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்!

முதல் கூடையிலேயே ஆறுச்சாமி அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஆளை அங்கே நிறுத்தியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. என் பக்கத்தில் ஓடி வரும்போது, "உங்க ஆத்திரம் தீரட்டுமுங்க. இன்னைக்கு மட்டும்" என்றார், உதடு அசையாமல்.

ஜெயித்தோம். கோப்பை வாங்க என்னை அனுப்பினார்கள். எட்டு மாதமாக மனப்பாடம் செய்த வசனத்தோடு போய் நின்றேன். ஆபீசர் சிரித்தபடி என் கையைக் குலுக்கினார்.

"எடோ, நல்லா களிச்சாய். நீ எந்தூரு? நம்ம டீமுக்கு வர்றியா? பர்மனெண்ட் ஆக்காம்."

என்னை அடையாளமே தெரியவில்லை அந்த ஆளுக்கு! மூன்று வருஷம் அவர் மேசை முன் நின்றவன் நான். மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோயிற்று. அவரைக் குத்துவதற்குக் கையில் கிடைத்தது ஒன்றே ஒன்று.

"எனக்கு எதுக்கு சார்? ஒங்க கிரவுண்டுக்கு அடியில பனந்தூரு கெடக்கு. இத்தன நாளும் அதுதான் ஒங்களுக்கு ஜெயிச்சுக் குடுத்துச்சு. நாந்தான் பொதச்சேன்."

முதலாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் முகம் வெளுத்தது. கேட்டது கிடைத்த நிறைவில் திரும்பினேன். பின்னால் ஆறுச்சாமி அண்ணன் நின்றிருந்தார்.

"அதையுமா சொல்லிப்போட்டீங்க?" என்றார். அதற்குப் பின் என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுவாரமே தூரைத் தோண்டி எறிந்து களத்தைச் சரி செய்துவிட்டார்களாம். அதன் பிறகு அந்த அணி சொந்தக் களத்திலும் தோற்றது. தோற்கிற அணிக்கு முட்டையும் பாலும் எதற்கு என்று கலைத்துவிட்டார்கள். அக்கா மகன் ஆபீஸ் நாற்காலிக்குப் போனான். ஆறுச்சாமி அண்ணன் குழாய் சுமக்கப் போனார். ஆபீசர் ஓய்வு பெற்று, நன்றாக வாழ்ந்து, கட்டிலில்தான் செத்தார். அவர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனேன். கூடை இல்லை, கம்பம் இல்லை, சுற்றுவட்டாரத்தில் ஒரு பனைகூட இல்லை. இடது பக்கத்தில் மட்டும் சிமெண்ட் வேறு நிறமாக இருந்தது. இயந்திரம் அதையும் பெயர்த்தது. அடியில் கெட்டியான ஜல்லி.

பக்கத்தில் நின்ற பழைய தொழிலாளி ஒருவரிடம் ஆறுச்சாமி அண்ணனைப் பற்றி விசாரித்தேன். "அவரு போய்ச் சேந்து நாளாச்சுங்களே. நீங்க யாருங்க?" என்றார்.

கூட விளையாடியவன் என்று சொல்ல வாய் வரவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.