காதர் பீவியின் தம்பி

ஜோகூரின் பத்து பாகாட்டில் காதர் பீவி என்றால் முக்காட்டுக்குள் இருந்தபடியே ஊரை மிரட்டுகிறவள் என்று பெயர். கணவர் நாகூருக்குப் போயிருந்த நேரத்தில் சண்டை மூண்டு கப்பல் நின்றுபோனது. ஜப்பான்காரன் வந்தான், அவள் கல்லாவில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுக் கடை ஒருநாள்கூட மூடிக் கிடக்கவில்லை.

ரொட்டி போட அபூபக்கரைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்திருந்தாள். அந்த ஊரைச் சியோனான் என்று சொல்ல வேண்டுமாம், உத்தரவு. போங்கடா என்று அவள் சிங்கப்பூர் என்றே சொன்னாள். மாவு ஏது? மரவள்ளியைத்தான் பிசைந்தான், பாவம். அவன் மனைவி மக்கள் சிங்கப்பூரிலேயே இருந்தார்கள்.

அவனை வேலையாள் என்று பதிந்தால் இவள் தலைவரி கட்ட வேண்டும். அது கிடக்கட்டும். பெயர் ஜோகூர்க் கணக்குக்கு மாறியதும் சிங்கப்பூர் அரிசி அட்டையில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். அங்கே அவன் பிள்ளைகளின் கஞ்சி இன்னும் தண்ணீராகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று. குடும்பம் இல்லாத வெளியூர் ஆட்களைத்தான் ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு முதலில் பிடித்துப் போனார்கள். அவள் தெருவிலிருந்து போன யாரும் திரும்பவில்லை. அதனால் கேட்டவர்களிடமெல்லாம் கூடப்பிறந்த தம்பி என்று கூசாமல் சொல்லிவந்தாள்.

ஒருநாள் பிற்பகல். அசர் தொழுகைக்காக முகம் கை கால் கழுவி, ஒளு எடுத்து, ஈரத்தோடு நிமிர்ந்தாள். எதிரே ஆள் கணக்கெடுக்கும் கிராணி ஹசான். மலாய்க்காரர், தொழுகை தவறாதவர், பசாரில் பழகிய தமிழ் பேசுவார், அக்கா என்பதற்குக் காக் என்பார். சிரிக்க மட்டும் தெரியாது.

"இது யாரு, காக்?"

"என் தம்பி, துவான்."

"ஒரே தாய் தகப்பனா?"

"ஒரே வயிறு."

அபூபக்கர் கிராணிக்குக் கோப்பி கொண்டுவந்தான். கிராணியின் பேனாவையே பார்த்தபடி நீட்டினான். கோப்பை சரிந்து, கொதிக்கிற கோப்பி காலில் கொட்டப் போனது. காதர் பீவி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

பிடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்நிய ஆணைத் தொட்டால் ஒளு முறிந்துவிடும். சொந்தத் தம்பியைத் தொட்டால் முறியாது. இது அவளுக்கும் தெரியும், ஹசானுக்கும் தெரியும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வாங்க, காக். நான் உட்கார்ந்திருக்கேன்," என்றார் ஹசான். அவர் பேனாவைத் திறக்கவில்லை. கண் கொல்லைப்புறத் தண்ணீர்ச் சாடியின் மேலேயே இருந்தது.

சாடியைத் தாண்டித்தான் தொழும் அறைக்குப் போக வேண்டும். மறுபடி கழுவினால் அபூபக்கர் சயாமுக்குப் போவான். கழுவாமல் அல்லாவின் முன் நிற்பதோ, விவரம் தெரிந்த நாள்முதல் அவள் செய்யாத பாவம். யாருக்கும் பயப்படாதவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாடியைப் பார்க்காமலே நடந்தாள். விரிப்பில் நின்றாள், குனிந்தாள், நெற்றியைத் தரையில் வைத்தாள். ஓத வேண்டியது எதுவும் வாயில் வரவில்லை. "ரப்பே, மன்னிச்சிடு" என்பது மட்டும் வந்தது. அவள் அழுதாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது ஹசான் எழுதிக்கொண்டிருந்தார். "தம்பி. குடும்பத்து ஆள். வேலையாள் இல்லை," என்று வாய்விட்டுப் படித்தார்.

"லாத்தா..." என்று அக்காவைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, அபூபக்கர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஹசான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"காக், அசர் நேரம் இன்னும் இருக்கு. ஒளு எடுத்து, திரும்பத் தொழுதுக்குங்க லா."