முதல் ஷிஃப்ட் பஸ்ஸில் மூன்று ரவுண்டு

நான் ஒரு குத்துச்சண்டை சாம்பியன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. மூக்கைக் காட்டினால் பாதி நம்புவார்கள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யூனிட்டுகளுக்குள் நடந்த போட்டியில், வெல்டர்வெயிட் பிரிவில் கோப்பை வாங்கினேன். அறுபத்தேழு கிலோவைத் தாண்டாதவர்களுக்கான பிரிவு அது. மூன்று பேரை அடித்தேன். மூன்றாவது ஆள் தோற்பதற்கு முன் என் மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கோப்பை இன்னும் குவார்ட்டர்ஸ் அலமாரியில் இருக்கிறது. அதில் என் மனைவி பட்டன்கள் போட்டு வைத்திருக்கிறாள்.

எட்டு வருஷத்துக்கு முன் என்னை வேறு மைனுக்கு மாற்றினார்கள். புது மைன், புது பஸ். முதல் ஷிஃப்டுக்கு ஏறிய அன்றே பின் சீட்டில் ஒரே கலாட்டா. விசாரித்தால், அமெரிக்காவின் பழைய வெல்டர்வெயிட் சாம்பியன் ஒருவர், இன்றைக்கு ஆடுகிற சாம்பியனை அடித்துக்கொண்டிருந்தார். பழையவர் செத்து எத்தனையோ வருஷமாகிறது. அதனால் என்ன? இருவரும் தங்கள் நல்ல வயதில் ஒரே மேடையில் நின்றிருந்தால் யார் ஜெயிப்பார் என்பதுதான் கேள்வி. அதைத் தினமும் தீர்த்துவைக்காமல் எங்கள் பஸ் மைன்ஸுக்குள் நுழையாது.

அதற்குச் சட்டம் உண்டு. குவார்ட்டர்ஸ் ஸ்டாப்பிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்டாப் வரை முதல் ரவுண்டு. அங்கிருந்து ரயில்வே கேட் இரண்டாவது. கேட்டிலிருந்து, வருகை பதிகிற டைம் ஆபீஸ் வரை மூன்றாவது. மணிக்குப் பதில் டிரைவர் ஹாரன் அடிப்பார். கேட் மூடியிருந்தால் இரண்டாவது ரவுண்டு இருபது நிமிஷம்கூட ஓடும். அப்படி ஒரு நாள் நல்ல சாம்பியன் ஒருவர் அடி வாங்காமலே களைத்து விழுந்தார். ஒவ்வொரு சாம்பியனுக்கும் ஒரு வக்கீல். வக்கீலைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் மாற்ற முடியாது. சம்பந்தப்பட்ட ஆள் பஸ்ஸில் இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் பின் சீட்டு ஐந்து பேரும் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வார்கள்.

வெளிநாட்டுக்காரர்கள் சலித்துப்போனதும் வழக்கம்போல உள்ளூருக்கு வந்தார்கள். என் மூக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. எனக்கு எதிராளியாக நிறுத்தப்பட்டவர் எனக்குப் பத்து வருஷம் முந்தைய சாம்பியன். நான் மாற்றலாகி வருவதற்குச் சற்று முன் அதே பஸ்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி, முத்தாண்டிக்குப்பத்தில் பலா மரங்களோடு இருப்பவர். அவருடைய வக்கீல் திருநெல்வேலிப் பக்கத்து ஃபோர்மேன். பேச ஆரம்பித்தால் டம்பர் லாரிகூட ஒதுங்கி வழிவிடும்.

"ஃபைனல்ஸ்ல மணி அடிச்சி ஒரு நிமிஷம் ஆகல. ரெஃபரி நம்மாளு கையத் தூக்கிட்டாரு. எதிராளி எந்திரிக்கவே இல்லல்லா," என்பார்.

எனக்கு வாய்த்த வக்கீல், கன்வேயர் பெல்ட் ஒட்டுகிறவர். நல்ல மனுஷன். பஸ் நகர்ந்தால் தூங்கிவிடுவார். டைம் ஆபீஸில் எழுந்து, "என்ன, தோத்துட்டமா?" என்று கேட்டுவிட்டு இறங்குவார். என் மூக்கும் எனக்கே எதிர்சாட்சி. "மூக்கையே காப்பாத்தத் தெரியாதவர் பட்டத்தை எப்படிக் காப்பாத்துவார்?" என்று ஃபோர்மேன் கேட்பார், ஐந்து கையும் உயரும்.

எட்டு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. விளையாட்டுத்தானே என்று நீங்கள் சொல்லலாம். தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன் தோற்றுப் பாருங்கள். எனக்கு வலித்தது. நிஜத்தில் மூன்று பேரை அடித்தவன், இல்லாத மேடையில் இல்லாத அடி வாங்கி விழுந்துகொண்டே இருந்தேன். ரிட்டயர் ஆவதற்குள் ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்பது வெறியாகவே ஆகிவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "பேசாம பி.எஃப். பேப்பரைப் பாருங்க," என்றாள்.

கடைசி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனேன். கடைசி நாள் சம்பந்தப்பட்டவன் ஒரு தடவை வாய் திறக்கலாம் என்று சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அதற்கு ஏதாவது சரக்கு கிடைக்குமா என்றுதான் போனேன். வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

அவர் மரத்தடியில் கத்திக்கு எண்ணெய் தடவிப் பலாப்பழம் பிளந்துகொண்டிருந்தார். இப்போது எந்த எடைப்பிரிவிலும் அடங்க மாட்டார். என் மூக்கைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வா தம்பி. நீதான தெனமும் எங்கிட்ட அடி வாங்குற ஆளு?"

ஒன்பதரை மணிக்கு டீ நேரத்தில் ஃபோர்மேன் போன் செய்து தீர்ப்பைச் சொல்லிவிடுவாராம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"அந்த போன் வந்தாத்தாங்க இட்லியில கை வப்பாரு. அதுவரைக்கும் தட்ட வச்சிக்கினு உக்காந்துகினு இருப்பாரு," என்றார்.

அந்த அம்மா உள்ளே போனதும் கேட்டேவிட்டேன். "அண்ணே, மனசத் தொட்டுச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் நெஜமா நின்னிருந்தா யாரு ஜெயிச்சிருப்பா?"

அவர் சுளையெடுப்பதை நிறுத்தவில்லை.

"நான் யாரயும் அடிச்சதே இல்லியே தம்பி. அந்த வருசம் நம்ம எடையில ரெண்டே பேருதான் பேரு குடுத்திருந்தோம். ஃபைனலன்னிக்கி அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க. மாத்திக்கக் கேட்டிருக்கான், குடுக்கல. நான் மேல ஏறி நின்னுகினு இருந்தேன், அவன் வரல. கையத் தூக்கி வுட்டுட்டாங்க."

ஃபோர்மேன் சொன்னதில் பொய்யே இல்லை. வராத எதிராளி எப்படி எந்திரிப்பான்?

யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பாதிப் பலாவை ஸ்கூட்டர் முன்னால் வைத்துக் கட்டிவிட்டார். வழியெல்லாம் நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். எட்டு வருஷத் தோல்விக்கும் சேர்த்து ஒரே குத்தில் வட்டியும் முதலும் கொடுத்துவிடலாம்.

கடைசி நாள் பஸ்ஸில் மாலை போட்டார்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப் தாண்டியதும் ஃபோர்மேன், "இன்னைக்கு அண்ணன் பேசட்டும்," என்றார். என் வக்கீல்கூட ஒரு கண்ணைத் திறந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தீர்ப்பைச் சொல்வதற்காக ஃபோர்மேன் இப்போதே போனைக் கையில் எடுத்து வைத்திருந்தார். ஒரு தட்டும் அதில் ஆறுகிற இட்லியும் என் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன.

"அந்த ஃபைனல்ஸ நான் ஸ்கூல் படிக்கறப்ப நேர்ல பார்த்தேன்," என்றேன். அந்த ஸ்டேடியத்துக்கு அப்போது நான் போனதே இல்லை. "நீங்க சொல்றதெல்லாம் உண்மை. எதிராளி எந்திரிக்கவே இல்ல."

ஐந்து கையும் உயர்ந்தன. என் வக்கீலும், ஓட்டு இல்லாதவர், தூக்கினார். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. சாயங்காலம் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் என் பெயர் தவறாக இருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ரிட்டயர் ஆன மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டில் ஒன்றும் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. முத்தாண்டிக்குப்பம்.

"தம்பி, இன்னிக்கி பஸ்ல நீ என்ன சாய்ச்சிட்டியாமே. ரெண்டாவது ரவுண்டுல. எடது கை, தாடையில. கேட்டு வேற மூடியிருந்துதாம்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஃபோர்மேன் இருந்தாரா அண்ணே?"

"அவன்தான் உனக்கு வக்கீலாம். சீட்டே குலுக்கலியாம். உன் சீட்டு காலியா கெடக்குன்னு மூணு வாட்டி சொன்னான்."

இத்தனை வருஷம் நான் கேட்டது இந்த ஒரு தீர்ப்பைத்தான். அது வந்தபோது பஸ்ஸில் நான் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"எனக்கும் இப்டித்தான் நடந்துது," என்றார் அவர். "பஸ்ல இருந்த வரைக்கும் எனக்கு முந்தின சாம்பியன்கிட்ட ஒரு நாளும் ஜெயிச்சதில்ல. பெல்ட் ஒட்றவன்தான் அப்ப எனக்கு வக்கீலு. ரிட்டயர் ஆன மறுநாள்தான் ஜெயிக்க ஆரம்பிச்சேன். இனிமே ஒன்பதரைக்கி உனக்குத்தான் போன் வரும் பாரு."

"நீங்க சாப்டீங்களா அண்ணே?"

போனில் தட்டு நகர்கிற சத்தம் கேட்டது.

"ஒன்பதரைக்கு நான் போன் பண்றேன்," என்றேன். "தினமும். சண்டைய நாம ரெண்டு பேருமே வச்சிக்குவோம். நாளைக்கு நீங்க ஜெயிக்கிறீங்க."



"சரி. ஆனா மொத ரவுண்டுல வேணாம், மூணாவதுல முடிச்சிக்கலாம். நீயும் செத்த நேரம் நிக்கணும் இல்ல," என்றார். பிறகு போனை வைக்காமலே உள்ளே திரும்பி, இட்லியைச் சூடு பண்ணச் சொன்னார்.